வீட்டில் முதல் சர்வர்: ஒரு பழைய கணினி, ஒரு மாறாத முகவரி

கைபேசியில் எடுத்த நூறு படங்களைப் பக்கத்தில் இருக்கும் மடிக்கணினிக்கு அனுப்ப வேண்டும். வழக்கமாக என்ன செய்கிறோம்? எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினிக்கு இணையம் வழியாக ஏற்றி, அங்கிருந்து மறுபடி இறக்குகிறோம். இரண்டு கருவிகளும் ஒரே அறையில், ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. வீட்டுக்குள்ளேயே ஒரு கணினி எப்போதும் விழித்திருந்து, கொடுப்பதை வாங்கி வைத்து, கேட்டபோது எடுத்துத் தந்தால் இந்தச் சுற்று வேண்டியதில்லை. அப்படி விழித்திருக்கும் கணினிதான் வீட்டு சர்வர்.

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையும் அடுக்கடுக்கான இரும்புப் பெட்டிகளும் கண்முன் வரும். வீட்டுக்கு அவை வேண்டாம். கேட்பதற்குப் பதில் சொல்லும் நிரல் ஓடுகிற எந்தக் கணினியும் சர்வர்; கேட்கிற கருவி கிளையன்ட். சர்வரிடம் நாம் எதிர்பார்ப்பது இரண்டே விஷயம். எப்போது தேடினாலும் அதே முகவரியில் இருக்க வேண்டும். வைத்தது வைத்த இடத்தில் இருக்க வேண்டும். புதிதாக அமைப்பவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று தவறுவதால் வருபவை. அதனால் இந்தக் கட்டுரையில் முகவரிக்கும் டிஸ்க்குக்கும் மற்றவற்றைவிட அதிக இடம் கொடுத்திருக்கிறது.

முதல் வேலையாகக் கோப்புப் பகிர்வை எடுத்துக்கொள்ளுங்கள். படம் ஓட்டும் சர்வர், விளம்பரம் தடுக்கும் சர்வர், கேமரா பதிவு எல்லாம் பிறகு. கோப்புப் பகிர்வை ஒழுங்காக அமைத்தால் நெட்வொர்க், டிஸ்க், பயனர் உரிமை, பேக்கப் நான்கும் கைக்கு வந்துவிடும். மற்ற எல்லாச் சேவைகளும் இந்த நான்கின் மேல்தான் நிற்கின்றன.

எந்தக் கணினி?

புதிதாக எதுவும் வாங்காதீர்கள், முதல் மூன்று மாதத்துக்காவது. மூலையில் கிடக்கும் 64 பிட் மடிக்கணினி, 4 ஜிபி ராம் இருந்தால் போதும். கோப்புப் பகிர்வுக்கு அது தாராளம். பிறகு நாலைந்து சேவைகளை ஓட்ட நினைத்தால் 8 ஜிபி வேண்டியிருக்கும்.

மடிக்கணினியில் ஒரு பெரிய வசதி உண்டு: பேட்டரி. மின்சாரம் போனால் சர்வர் சட்டென்று அணையாது. ஆனால் ஆண்டு முழுவதும் சார்ஜரிலேயே 100 சதவீதத்தில் கிடக்கும் பழைய பேட்டரி உப்பக்கூடும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) சார்ஜ் வரம்பு வைக்க வழி இருந்தால் 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். அடிப்பகுதி மேடாகத் தெரிந்தாலோ டச்பேட் தூக்கிக்கொண்டு வந்தாலோ உடனே அணைத்துப் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அதில் பொறுத்துப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

இன்டெல் என்100 போன்ற சில்லு உள்ள சிறு கணினிகள் சும்மா இருக்கும்போது 10 வாட்டுக்குப் பக்கத்தில்தான் எடுக்கும். இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 10 வாட் கருவி ஆண்டு முழுவதும் ஓடினால் சுமார் 88 யூனிட். 60 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் சுமார் 526 யூனிட். இலவசமாகக் கிடைத்த டெஸ்க்டாப் சில ஆண்டுகளில் மின்கட்டணமாகத் தன் விலையை வாங்கிக்கொள்ளும்.

ராஸ்பெர்ரி பையும் நல்ல தேர்வுதான், இரண்டு இடங்களில் கவனித்தால். ஒன்று, மின்சாரம்: பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 5க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் தரும் சார்ஜர் வேண்டும். கைபேசிச் சார்ஜரில் ஓட்டினால் யூஎஸ்பி டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் மின்னழுத்தம் விழுந்து, டிஸ்க் தானாகக் கழன்றுபோகும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்தச் சமயத்தில்தான். இரண்டு, எஸ்டி கார்டு: இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் தேய்ந்துபோகும். இயங்குதளத்தை எஸ்எஸ்டியில் வைத்தால் அந்தக் கவலை இல்லை.

கம்பி முதலில்

சர்வரை ரூட்டரோடு கம்பியில் இணையுங்கள். வைஃபையிலும் ஓடும், ஆனால் ஒரு கோப்பு வைஃபையில் உள்ள சர்வரிலிருந்து வைஃபையில் உள்ள மடிக்கணினிக்குப் போகும்போது ஒரே காற்றுவெளியை இரண்டு முறை கடக்கிறது. வேகம் ஏறத்தாழப் பாதியாகும்.

கேட் 5இ கேபிள் போதும், 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் தாங்கும். பிரச்சினை வேறு இடத்தில் வரும். கேபிளுக்குள் எட்டு இழைகள், நான்கு ஜோடிகள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். 100 மெகாபிட்டுக்கு வேண்டாத ஜோடிகளில் ஓர் இழை அறுந்திருந்தால் பெரும்பாலும் இணைப்பு அறுவதில்லை. இரு முனைகளும் பேசிப் பார்த்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிக்கொள்ளும். எல்லாம் வேலை செய்வதுபோலவே இருக்கும், மெதுவாக. 100 மெகாபிட்டில் விநாடிக்கு 11 மெகாபைட் அளவில்தான் போகும். ஜிகாபிட்டில் 110க்குப் பக்கம். 50 ஜிபி படங்களை நகர்த்த ஒன்றில் ஒன்றேகால் மணி நேரம், இன்னொன்றில் எட்டு நிமிடத்துக்குள். வேகம் எப்போதும் 11லேயே நிற்கிறது என்றால் டிஸ்க்கைச் சந்தேகிக்காதீர்கள், கேபிளை மாற்றுங்கள். பிறகு ரூட்டரின் துளைகள் ஜிகாபிட் தானா என்று பாருங்கள். லினக்ஸில் ஈத்டூல் என்ற கட்டளை தற்போதைய இணைப்பு வேகத்தைச் சொல்லிவிடும்.

முகவரியை நிலைநிறுத்துவது

ரூட்டர் உங்கள் வீட்டில் விடுதி வரவேற்பாளர்போல. புதிதாக வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அறை எண்ணைக் கொடுக்கிறது. அந்த எண் ஐபி முகவரி, கொடுக்கும் முறை டிஹெச்சிபி. எண் வாடகைக்குத்தான், கெடு முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். கருவி சில நாள் அணைந்து கிடந்தால் அந்த எண் வேறு ஒருவருக்குப் போய்விடலாம். கைபேசிக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை. சர்வருக்கு இது பெரிய சிக்கல்: நேற்று 192.168.1.23இல் இருந்தது இன்று 192.168.1.31க்குப் போய்விட்டால், நேற்று வேலை செய்த எல்லா இணைப்பும் இன்று செத்துவிடும்.

வீட்டுக்குள் புழங்கும் முகவரிகள் தனிப்பட்டவை. 10இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168இல் தொடங்குபவை என்று மூன்று தொகுதிகளை 1996இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் 192.168.1.10 இருக்கும், ஒன்றுக்கொன்று மோதாது, ஏனென்றால் அவை வெளி இணையத்தில் செல்லாது.

சர்வருக்கு நிலையான எண் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. சர்வரிலேயே எண்ணை எழுதி வைப்பது ஒன்று. ரூட்டரிடம் சொல்லி முன்பதிவு செய்வது இன்னொன்று. தொடங்குபவருக்கு முன்பதிவுதான் சரி. முகவரிகளெல்லாம் ஒரே இடத்தில், ரூட்டரிலேயே இருக்கும். சர்வரில் எழுதிவைத்துவிட்டு அது டிஹெச்சிபி வழங்கும் வரம்புக்குள் இருந்தால், ரூட்டர் அதே எண்ணை ஒரு கைபேசிக்கும் கொடுத்துவிடும். அப்புறம் சர்வர் சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. கண்டுபிடிக்க மிகக் கடினமான பழுதுகளில் இது ஒன்று.

முன்பதிவு செய்ய சர்வரின் மேக் முகவரி வேண்டும். அது நெட்வொர்க் இணைப்புக்கு உரிய அடையாள எண்: இரண்டிரண்டு எழுத்தாக ஆறு ஜோடி. மடிக்கணினியில் கம்பிக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என இரண்டு இருக்கும். கம்பிக்கு உரியதை எடுக்க வேண்டும். வைஃபையின் எண்ணைப் பதிந்துவிட்டு, முகவரி ஏன் ஒட்டவில்லை என்று தேடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. பிரவுசரில் திறக்கும் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபி பகுதியின் கீழ் முகவரி முன்பதிவு என்ற பொருளில் ஒரு பகுதி இருக்கும். அங்கே மேக் முகவரியையும் விரும்பும் ஐபியையும், உதாரணமாக 192.168.1.10, சேர்த்துச் சேமியுங்கள். பிறகு சர்வரை மறுதொடக்கம் செய்தால் புது எண்ணை வாங்கும்.

இன்னொன்று. ரூட்டரின் விருந்தினர் வைஃபையில் இணைந்த கருவிகள் வீட்டு நெட்வொர்க்கைப் பார்க்க முடியாதபடி பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கைபேசியில் மட்டும் சர்வர் தெரியவில்லை என்றால் முதலில் அது எந்த வைஃபையில் இருக்கிறது என்று பாருங்கள்.

இயங்குதளம்

டெபியன் அல்லது உபுண்டு சர்வர் என்ற இரண்டு லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று. எது உயர்ந்தது என்ற வாதத்தில் நேரம் போக்க வேண்டாம். இங்கே 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஐ வைத்துச் சொல்கிறோம். நெட் இன்ஸ்டால் கோப்பு ஒரு ஜிபிக்கும் குறைவு. 4 ஜிபி பென்டிரைவ் போதும். ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் நிரலைக் கொண்டு பென்டிரைவில் எழுதுங்கள். கோப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டால் கணினி அதிலிருந்து தொடங்காது. நிறுவும்போது அந்தக் கணினியின் டிஸ்க் முழுவதும் அழியும் என்பதை மறக்க வேண்டாம்.

நிறுவும் வழியில் இரண்டு திரைகளில் நிதானிக்க வேண்டும். ரூட் (முழு அதிகாரம் உள்ள நிர்வாகி) பாஸ்வேர்டு கேட்கும் திரையை வெறுமையாக விட்டுத் தொடருங்கள். அப்படி விட்டால்தான் அடுத்து நீங்கள் உருவாக்கும் பயனருக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகக் கட்டளைகளை ஓட்டும் உரிமை, தானாகக் கிடைக்கும். அங்கே பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால், நிறுவி முடித்தபின் சூடோ என்ற கட்டளையே இல்லை என்று கணினி சொல்லும். அடுத்தது மென்பொருள் தேர்வுத் திரை. டெஸ்க்டாப் சூழல், நோம் இரண்டிலும் உள்ள குறியை எடுத்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் சர்வரையும் (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவுவது) அடிப்படைக் கருவிகளையும் மட்டும் குறியிடுங்கள். திரைக்கு எதிரில் யாரும் உட்காரப் போவதில்லை. வரைகலைச் சூழல் ராமைத்தான் தின்னும்.

மடிக்கணினியாக இருந்தால் மூடியை மூடியதும் தூங்கிவிடும். லாகின்ட் என்ற அமைப்புக் கோப்பில் மூடி மூடப்படும்போது செய்ய வேண்டியதைக் குறிக்கும் வரி இருக்கிறது. அதன் முன்னால் உள்ள # குறியை எடுத்துவிட்டு மதிப்பை இக்னோர் என்று மாற்றி, மறுதொடக்கம் செய்யுங்கள்.

இனி சர்வரைத் திரையும் விசைப்பலகையும் இல்லாமல் ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் வழக்கமான கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் மூலம் உள்ளே போகலாம். விண்டோஸ் 10 முதல் அது கூடவே வருகிறது. ஆப்பிள் மேக்கிலும் லினக்ஸிலும் எப்போதோ உண்டு. கட்டளைக்குப் பின் பயனர் பெயர், @ குறி, 192.168.1.10, அவ்வளவுதான். முதல் முறை சர்வரின் கைரேகை எண் ஒன்றைக் காட்டி நம்பலாமா என்று கேட்கும். பின்னாளில் இயங்குதளத்தை மறுபடி நிறுவினால் அந்த எண் மாறும். அப்போது யாரோ நடுவில் இருக்கலாம் என்று உரத்த எச்சரிக்கை வரும். நீங்களே மறுபடி நிறுவியிருந்தால் பழைய பதிவை நீக்கிவிட்டுத் தொடரலாம். எதுவும் செய்யாதபோது அந்த எச்சரிக்கை வந்தால் நின்று விசாரியுங்கள்.

பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி ஜோடி வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. எட்25519 வகைச் சாவியை உங்கள் கணினியில் உருவாக்கி, அதன் பொதுப் பாதியை மட்டும் சர்வரில் சேருங்கள். மறைப் பாதி உங்கள் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. சாவியால் உள்ளே போக முடிகிறது என்று உறுதியான பிறகே பாஸ்வேர்டு நுழைவை அணைக்க வேண்டும். அணைக்கும்போது திறந்திருக்கும் ஜன்னலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். தவறு இருந்தால் பழைய ஜன்னலிலிருந்தே திருத்தலாம். ஃபயர்வாலுக்கும் இதே கதைதான்: யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் நிரலை இயக்குவதற்கு முன் எஸ்எஸ்ஹெச்சின் 22ஆம் எண் கதவை (போர்ட்) அனுமதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏற அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற தொகுப்பை நிறுவிவிடுங்கள்.

டிஸ்க்: வைத்தது வைத்த இடத்தில்

இயங்குதளம் ஒரு டிஸ்க்கில், தரவு வேறு டிஸ்க்கில் இருக்கட்டும். இயங்குதளம் பழுதானால் அதை அழித்து மறுபடி நிறுவ அரை மணி நேரம் போதும். படங்களைத் தொட வேண்டியதில்லை.

புது டிஸ்க்கைச் செருகியதும் எல்எஸ்பிஎல்கே கட்டளை கொடுத்தால் எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர்களும் அளவுகளும் வரும். ஃபார்மேட் செய்வதற்கு முன் அளவை இரண்டு முறை பாருங்கள். தவறான பெயரைக் கொடுத்தால் தவறான டிஸ்க் அழியும். லினக்ஸ் உங்களைத் தடுத்து நிறுத்தும் என்று நம்ப வேண்டாம். 4 டிபி டிஸ்க் 3.6 என்று தெரிந்தால் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024ஆக எண்ணுகிறது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4இல் ஃபார்மேட் செய்யுங்கள். அது வழக்கமாக 5 சதவீதத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைக்கும். 4 டிபியில் அது 200 ஜிபி. தரவு டிஸ்க்குக்கு அவ்வளவு வேண்டாம், டியூன்2எஃப்எஸ் கொண்டு 1 சதவீதமாகக் குறைக்கலாம்.

ஏற்கெனவே படங்கள் உள்ள என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) டிஸ்க்கை அப்படியே மாட்டிவிடலாமே என்று தோன்றும். சில நாள் ஓடும். ஆனால் விண்டோஸ் தன் விரைவுத் தொடக்க வசதியால் முழுதாக அணையாமல் விட்ட டிஸ்க்கை லினக்ஸ் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. பயனர் உரிமைகளும் ஒழுங்காக ஒட்டாது. தரவை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு இஎக்ஸ்டி4க்கு மாறுவதே நிம்மதி.

முகவரி மாறும் கதை டிஸ்க்கிலும் உண்டு. எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை கணினி டிஸ்க்குகளைக் கண்டுபிடித்த வரிசை மட்டுமே. இன்னொரு பென்டிரைவ் செருகியிருந்தால் அடுத்த முறை வரிசை மாறலாம். ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண் இருக்கிறது. பிஎல்கேஐடி கட்டளை அதைக் காட்டும். டிஸ்க்கை நிரந்தரமாக இணைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த எண்ணை எழுதுங்கள், எஸ்டிபி என்று எழுதாதீர்கள். அதே வரியில் நோஃபெயில் என்ற விருப்பத்தையும் சேருங்கள். அது இல்லாமல், ஒருநாள் யூஎஸ்பி கேபிள் தளர்ந்திருந்தால், சர்வர் டிஸ்க்குக்காகக் காத்திருந்து அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். நெட்வொர்க்கே வராது, திரையைத் தேடி எடுத்து மாட்ட வேண்டும். கோப்பைத் திருத்தியதும் மவுண்ட் கட்டளையை ஏ விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். தவறு இருந்தால் இப்போதே தெரியும், மறுதொடக்கத்தின்போது அல்ல.

நோஃபெயில் போட்டதால் இன்னொரு பொறி உருவாகிறது. டிஸ்க் மாட்டப்படாமலேயே சர்வர் எழுந்துவிட்டால், டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் வெற்று ஃபோல்டர் ஒன்று இருக்கும். கைபேசிகள் அதற்குள் படங்களைக் கொட்டும்; அவை போய்ச் சேர்வது இயங்குதள டிஸ்க்கில். அது நிரம்பினால் சர்வரே முடங்கும். இதைத் தடுக்க எளிய வழி: டிஸ்க்கை மாட்டுவதற்கு முன்பே அந்த வெற்று ஃபோல்டரை சேட்டர் (chattr) கட்டளையால் மாற்ற முடியாததாகப் பூட்டிவிடுங்கள். டிஸ்க் இருந்தால் அதன் உள்ளடக்கம் மேலே வந்து உட்காரும், எழுதலாம். டிஸ்க் இல்லையென்றால் எழுத முடியாது என்ற பிழை வரும். அந்தப் பிழை நமக்கு நல்லது.

சம்பா

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர எஸ்எம்பி என்ற மொழியில் பேசுகின்றன. லினக்ஸில் அந்த மொழியைப் பேசும் நிரல் சம்பா. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் தொடங்கியது. எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடியபோது கிடைத்த பெயர். மேக், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாவற்றிலிருந்தும் இதற்குள் வரலாம்.

சம்பாவின் அமைப்புக் கோப்பின் கடைசியில் பகிர்வுக்கு ஒரு பெயர், ஃபோல்டரின் பாதை, எழுதும் அனுமதி, யார் யார் நுழையலாம் என்ற நான்கு வரிகளைச் சேர்த்தால் போதும். டெஸ்ட்பார்ம் கட்டளை எழுத்துப் பிழை இருந்தால் காட்டும். பிறகு சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.

இனிதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். பெயரும் பாஸ்வேர்டும் சரியாகவே கொடுத்தும் உள்ளே விடாது. காரணம், சம்பா தன் பாஸ்வேர்டுகளைத் தனியாக வைத்திருக்கிறது. லினக்ஸில் பயனர் இருந்தாலும் எஸ்எம்பி பாஸ்வேர்டு (smbpasswd) கட்டளையால் அவரைச் சம்பாவிலும் சேர்க்க வேண்டும். உள்ளே போன பிறகு கோப்பை வைக்க முடியவில்லை என்றால் அது வேறு கதவு. சம்பா எழுதலாம் என்றாலும் லினக்ஸ் ஃபோல்டரின் உரிமை மறுத்தால் நடக்காது. இரண்டும் ஒப்ப வேண்டும். 

வீட்டில் நான்கு பேர் ஒரே ஃபோல்டரில் எழுதுவதாக இருந்தால் ஒரு குழுவை உருவாக்கி நால்வரையும் அதில் சேருங்கள். ஃபோல்டரை அந்தக் குழுவுக்கு உரியதாக்கி உரிமையை 2770 என்று வையுங்கள். முன்னால் உள்ள 2, புதிதாக உள்ளே வரும் எதுவும் அதே குழுவுக்குச் சேர வழி செய்கிறது. அதோடு பகிர்வு அமைப்பில் புதுக் கோப்புகளுக்கு 0660, புது ஃபோல்டர்களுக்கு 2770 என்றும் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருவர் வைத்த கோப்பை மற்றவர் திறக்கலாம், திருத்த முடியாது. உரிமைச் சிக்கலில் எரிச்சலடைந்து 777, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும், போடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அது பூட்டைக் கழற்றி எறிவது, பழுது பார்ப்பது அல்ல.

விண்டோஸ் ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயர்களில் இணைய விடாது. முதலில் வேறு பெயரில் நுழைந்திருந்தால், சரியான பெயர் கொடுத்தாலும் மறுக்கும். பழைய இணைப்பைத் துண்டித்து, சேமித்து வைத்த பெயரை நீக்கிவிட்டு முயலுங்கள். பாஸ்வேர்டே இல்லாத விருந்தினர் பகிர்வைப் புதிய விண்டோஸ் பதிப்புகள் தடுக்கின்றன. பயனர் பெயரோடு அமைப்பதே வழி. பழைய குறிப்புகள் எஸ்எம்பி1ஐ இயக்கச் சொன்னால் கேட்க வேண்டாம். 2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய வானாக்ரை, விண்டோஸின் எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு 445ஆம் எண் கதவு வழியாகத்தான் கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது.

பேக்கப், அதைத் திருப்பி எடுத்துப் பார்ப்பது

எல்லாவற்றையும் ஒரே சர்வரில் கொண்டுவந்து சேர்த்ததால், தொலைந்தால் எல்லாம் தொலையும். இரண்டு டிஸ்க்கை ரெய்டு 1ஆக இணைத்தால் ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் தவறி அழித்த ஃபோல்டர் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. இந்த 3-2-1 கணக்கு வீட்டுக்கும் பொருந்தும். சர்வரில் உள்ளது முதல் பிரதி. வாரம் ஒருமுறை மட்டும் செருகும் யூஎஸ்பி டிஸ்க் இரண்டாவது. மாதம் ஒருமுறை மாற்றி உறவினர் வீட்டில் வைக்கும் டிஸ்க் மூன்றாவது. எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப் டிஸ்க்கைக் கோப்புகளைப் பூட்டும் நச்சு நிரல் விட்டுவைக்காது.

ஆர்சிங்க் கட்டளை பிரபலமானது, ஆனால் டெலீட் விருப்பத்தோடு ஓட்டும்போது மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் அழிக்கும். மூல டிஸ்க் மாட்டப்படாத இரவில் அது ஓடினால் மூலம் வெறுமை, பிரதியும் வெறுமையாகும். ரெஸ்டிக் அல்லது போர்க் இதைவிட நல்லது. ஒவ்வொரு முறையும் தேதியிட்ட ஒரு நிலையைச் சேமித்து, மாறிய பகுதியை மட்டும் எழுதும். போன மாதத்து நிலைக்கும் திரும்பலாம். ரெஸ்டிக்கின் பேக்கப் எப்போதும் மறைகுறியாக்கப்பட்டது, போர்க்கில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். பாஸ்வேர்டு தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது, ஆகவே அதைச் சர்வரில் மட்டும் வைக்காமல் தாளில் எழுதி வேறு இடத்திலும் வையுங்கள். மாதம் ஒருமுறை மூன்று கோப்புகளைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்கிற வரை அது பேக்கப் என்று கணக்கில் சேராது.

டிஸ்க்கின் உடல்நலத்துக்கு ஸ்மார்ட் அறிக்கை இருக்கிறது. அதில் 5, 197 ஆகிய இரண்டு வரிகள் முக்கியம்: மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். எண் வாராவாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மின்சாரம் பற்றி இரண்டு சொல். டெஸ்க்டாப் அல்லது சிறு கணினி என்றால், மின்சாரம் திரும்பியதும் தானாக எழ பயாஸில் ஓர் அமைப்பு உண்டு, அதை இயக்குங்கள். யூபிஎஸ் வைத்தால் ரூட்டரையும் அதிலேயே மாட்டுங்கள். சர்வர் விழித்திருந்து ரூட்டர் அணைந்தால் யாருக்கும் பயனில்லை.

அடுத்த சேவைகள்

ஒரு மாதம் கோப்புப் பகிர்வு தொந்தரவில்லாமல் ஓடியபின் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்: திரைப்படம் பார்க்க ஜெல்லிஃபின், கைபேசிப் படங்களுக்கு இம்மிச், விளம்பரத் தடுப்புக்கு பைஹோல். இவற்றை டாக்கரில், அதாவது ஒவ்வொரு நிரலையும் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருளில், ஓட்டுவது சுத்தமானது. டாக்கர் பெட்டியை அழித்தால் உள்ளே இருந்ததும் போய்விடும் என்பதால், தரவு ஃபோல்டரை வெளியே உள்ள டிஸ்க்கோடு இணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். டாக்கர் திறக்கும் கதவுகள் யூஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தாண்டிச் செல்லும். ஃபயர்வால் இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். பைஹோல் வீட்டின் பெயர்த் தேடலையே (தளப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைக் கண்டுபிடிப்பது) கையில் எடுத்துக்கொள்வதால், சர்வர் அணைந்தால் வீட்டில் எல்லோருக்கும் இணையம் போனதுபோல் இருக்கும். மறுதொடக்கம் செய்வதற்கு முன் வீட்டில் சொல்லிவிடுவது நல்லது.

வெளியிலிருந்து எட்டுவது

ஊருக்குப் போனாலும் கோப்புகள் வேண்டும் என்ற ஆசை சீக்கிரம் வரும். ரூட்டரில் எஸ்எம்பியின் 445ஆம் கதவையோ பாஸ்வேர்டால் திறக்கும் எஸ்எஸ்ஹெச்சின் 22ஐயோ வெளி உலகுக்குத் திறந்துவிடாதீர்கள். திறந்த கதவைத் தானியங்கி நிரல்கள் தேடி வந்து தட்டும். புது சர்வர்தானே, யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் அங்கே செல்லாது.

வயர்கார்டு விபிஎன் போதும்; வெளியில் உள்ள கைபேசியை மறைகுறியாக்கிய பாதையில் வீட்டு நெட்வொர்க்கோடு இணைப்பது அது. 2020 மார்ச்சில் வெளியான 5.6 பதிப்பிலிருந்து லினக்ஸின் கர்னலிலேயே (மையப் பகுதி) அது இருக்கிறது. வழக்கமாக யூடிபி 51820 என்ற ஒரே கதவைத் திறந்தால் போதும். சரியான சாவி இல்லாமல் வரும் எதற்கும் அது பதிலே சொல்லாது, ஆள் இருப்பதே வெளியில் தெரியாது. உள்ளே வந்த பிறகு கைபேசி வீட்டில் இருப்பதுபோலவே 192.168.1.10ஐத் தேடும். போன இடத்தின் வைஃபையும் 192.168.1 தொகுதியாகவே இருந்தால் கைபேசி அங்கேயே தேடி ஏமாறும். ஆகவே தொடக்கத்திலேயே வீட்டு ரூட்டரை 192.168.73 போன்ற அபூர்வமான தொகுதிக்கு மாற்றி வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

கதவைத் திறந்தும் எட்ட முடியவில்லை என்றால் ரூட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் இருந்தால், அல்லது என் ஐபி என்ன என்று காட்டும் தளங்கள் சொல்லும் எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அப்போது உங்கள் ரூட்டரில் எத்தனை கதவு திறந்தாலும் வெளியிலிருந்து வருவது உங்களிடம் வந்து சேராது. நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேட்கலாம், ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி இருந்தால் அதன் வழியாக வரலாம், அல்லது டெயில்ஸ்கேல் போன்ற சேவையை சர்வரிலும் கைபேசியிலும் நிறுவலாம். டெயில்ஸ்கேலில் இரு முனைகளும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்திக்கின்றன. ரூட்டரில் எந்தக் கதவையும் திறக்க வேண்டியதில்லை.